யாரும் பொய் சொல்லாத ஒரு பொய்ரோ நாவல்

துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ வரும் நாவல்களை வெளிவந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருபவர்களுக்கு 'எலிஃபென்ட்ஸ் கேன் ரிமெம்பர்' நெருங்கும்போது ஒரு பதற்றம் வரும். 1972இல் வந்த புத்தகம். பொய்ரோவை வைத்து அகதா கிறிஸ்டி எழுதிய கடைசி நாவல். இதற்குப் பிறகு 1975இல் 'கர்ட்டன்' வெளியானது உண்மைதான், ஆனால் அதை அவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டார். 1920இல் அறிமுகமான அந்த முட்டைத் தலை மனிதரோடு கிறிஸ்டி கடைசியாக உட்கார்ந்து எழுதியது இந்த யானைக் கதையைத்தான். அப்படிப்பட்ட ஒரு புத்தகம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாசகர் ஆசைப்படுவது இயல்பு. நானும் ரொம்பவே ஆசைப்பட்டேன். நன்றாக இல்லை. ஏன் நன்றாக இல்லை என்று யோசிக்க ஆரம்பித்தால், ஒரு துப்பறியும் நாவலுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் போகவேண்டி வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நாவலின் முடிவை உடைத்துத்தான் பேசப்போகிறேன். உடைக்காமல் இதன் குறையைச் சொல்ல முடியாது. இடையில் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' பற்றியும் வரும், அதில் கொலை செய்தது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். அதைப் படிக்காதவர்களுக்கு அந்த அனுபவம் அப்படியே கிடைக்கவேண்டும்.

கதை இப்படி ஆரம்பிக்கிறது. துப்பறியும் நாவலாசிரியை ஏரியட்னி ஆலிவர் எழுத்தாளர்களுக்கான ஒரு மதிய விருந்துக்குப் போகிறார். அங்கே திருமதி பர்ட்டன்-காக்ஸ் என்ற அதிகாரமான பெண்மணி அவரைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர் கேட்கவே கூடாத ஒரு கேள்வியைக் கேட்கிறார். ஆலிவரின் ஞானமகள் சீலியா ரேவன்ஸ்க்ராஃப்டின் பெற்றோர் பல வருடங்களுக்கு முன்பு ஒரு பாறை மேட்டில் சுடப்பட்டுக் கிடந்தார்கள். அப்பா அம்மாவைச் சுட்டுவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொண்டாரா, அம்மா அப்பாவைச் சுட்டுவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொண்டாரா? சீலியாவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் டெஸ்மண்ட், இந்தப் பெண்மணியின் வளர்ப்பு மகன். அதனால் தனக்கு இது தெரிந்தாக வேண்டும் என்கிறார்.

இதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா? துப்பாக்கியில் இருவர் கைரேகையும் இருக்கிறது. வெளியாள் வந்த தடயம் கிடையாது. கடன் இல்லை, சண்டை இல்லை, சந்தோஷமான தம்பதி என்றுதான் ஊரே சொல்கிறது. போலீஸ் தற்கொலை உடன்படிக்கை என்று எழுதி மூடிவிட்டது. யார் முதலில் சுட்டது என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவலை நகர்த்தலாம். கேட்பவர் அசிங்கமான ஆள், பதிலுக்காகக் காத்திருப்பவள் ஒரு மகள். கிறிஸ்டியின் கை அந்த வயதிலும் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதை மறக்கவில்லை. முதல் அத்தியாயத்தில் ஆலிவர் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்வது என்று கண்ணாடி முன் நின்று குழம்புவதும், விருந்தில் யாராவது வந்து புகழ்ந்து தள்ளினால் என்ன பதில் சொல்வது என்று தவிப்பதும் சிரிக்க வைக்கும். தன்னைத்தான் கிறிஸ்டி எழுதியிருக்கிறார் என்று தெரியும். கூட்டமும் மேடைப் பேச்சும் அவருக்கும் பிடிக்காத விஷயங்கள்.

அப்புறம் ஆலிவர் பொய்ரோவிடம் போகிறார். பழைய சம்பவம், அதனால் பழைய ஆட்களைத் தேடிப் பிடிக்கவேண்டும், யானைகள் எதையும் மறக்காது என்பார்களே, அப்படி மறக்காத மனிதர்கள் சிலர் இருப்பார்கள் என்கிறார். தும்பிக்கையில் ஊசியால் குத்திய தையல்காரர் மேல் யானை தண்ணீரைப் பீய்ச்சி அடித்த கதை, நாமெல்லாம் சின்ன வயதில் கேட்டதுதான், அதையும் அவர் சொல்கிறார். இதுவரைக்கும் எல்லாம் சரி.

இதற்குப் பிறகு நாவல் நடக்கவே இல்லை.

ஆலிவர் ஒரு வயதான பெண்மணியைப் பார்க்கப் போகிறார். டீ வருகிறது. அந்த அம்மா, எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் சீலியாவின் அப்பாவுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்ததாக யாரோ சொன்னார்கள் என்கிறார். அடுத்த வீட்டில் இன்னொருவர், இல்லை, சீலியாவின் அம்மாவுக்குத்தான் ஒரு இளைஞனோடு ஏதோ பேச்சு வந்தது, அது இவர்களா இன்னொரு குடும்பமா என்று தெரியவில்லை என்கிறார். அந்தக் குடும்பத்தில் யாருக்கோ புற்றுநோய் என்று மூன்றாவது ஆளுக்கு ஞாபகம். நான்காவது ஆள் வெளிநாட்டில் இருந்தபோது ஒரு குழந்தைக்கு ஏதோ ஆனது என்கிறார். பிறகு ஆலிவர் பொய்ரோவிடம் வந்து இவற்றையெல்லாம் மறுபடி ஒருமுறை ஒப்பிக்கிறார். நாம் இப்போதுதானே படித்தோம்? பொய்ரோ கேட்டுவிட்டு, ஓய்வுபெற்ற சூப்பரிண்டெண்ட் கேரவேயிடம் பேசுகிறார். அங்கே பாதி மறுபடி வருகிறது.

வதந்தியைக் கேட்டுக் கேட்டு உண்மையைப் பிரித்தெடுப்பது துப்பறியும் கதையில் பழைய உத்திதான், அதில் தப்பில்லை. ஆனால் சாட்சிக்கு அங்கே ஏதாவது ஒட்டுதல் இருக்கவேண்டும். ரேவன்ஸ்க்ராஃப்ட் தம்பதி செத்ததில் இந்த யானைகளில் ஒருவருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறார்கள், தெரியாததற்குத் தெரியாது என்கிறார்கள். மறைக்க எதுவும் இல்லாத ஒருவரிடம் துப்பறிவாளர் என்ன செய்ய முடியும்? குறிப்பெடுக்கலாம். பொய்ரோ இந்த நாவலில் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்.

பொய்ரோவின் வேலை எப்போதுமே பேச விடுவது. நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், என்றைக்காவது ஒருநாள் உங்களையே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள் என்பதுதான் அவர் நம்பிக்கை. தரையில் தவழ்ந்து சிகரெட் சாம்பலைப் பொறுக்குகிறவர்களை அவர் கேலி செய்வார். அந்த முறை வேலை செய்ய எதிரில் ஒரு பொய்யர் வேண்டும். குறைந்தபட்சம், தன்னிடமே பொய் சொல்லிக்கொள்கிற ஒருவராவது வேண்டும். இந்த நாவலில் முடிவு நெருங்கும்வரை நாம் பார்ப்பவர்களில் எதையாவது மறைக்கிற ஆள் என்றால் பர்ட்டன்-காக்ஸ் மட்டும்தான். வளர்ப்பு மகனுக்கு அவனைப் பெற்ற தாயின் சொத்து வந்திருக்கிறது, அவன் கல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பணம் தன் கைக்கு எட்டாது என்று அவர் பயப்படுகிறார். அதையும் பொய்ரோ பேசிக் கறக்கவில்லை. தகவல் சேகரிக்கும் கோபி என்கிறவர் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். மையக் கேள்விக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமும் இல்லை. முதல் அத்தியாயத்தில் அவ்வளவு பயமுறுத்திய அந்தப் பெரிய பல்வரிசைப் பெண்மணி கடைசியில் ஒரு ஓரத்துக்குப் போய்விடுகிறார்.

இங்கேதான் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' ஞாபகத்துக்கு வந்து தொந்தரவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 வருடம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சட்டகம். அங்கேயும் ஒரு மகள், கல்யாணம் நெருங்குகிறது, பெற்றோரின் பழைய மரணம் குறுக்கே நிற்கிறது. 16 வருடங்களுக்கு முன்பு ஓவியர் அமியாஸ் க்ரேல் விஷம் குடித்துச் செத்தார். மனைவி கரோலின்தான் கொன்றாள் என்று தீர்ப்பாகி, அவளும் சிறையிலேயே இறந்துபோனாள். நான் செய்யவில்லை என்று மகளுக்கு ஒரு கடிதம் மட்டும் விட்டுப் போயிருக்கிறாள். பொய்ரோவுக்குத் தடயம் எதுவும் மிச்சமில்லை. அன்றைக்கு அங்கே இருந்த ஐந்து பேர் மட்டும் இருக்கிறார்கள்.

அந்த ஐந்து பேரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பங்குத் தரகர் ஃபிலிப் ப்ளேக்குக்குக் கரோலின் மேல் இருக்கும் வெறுப்பு நியாயத்தைத் தாண்டிய அளவில் இருக்கிறது, ஏன் என்று நமக்கு உறுத்துகிறது. அவர் அண்ணன் மெரிடித் மூலிகை காய்ச்சுகிறவர், விஷம் அவர் வீட்டு அறையிலிருந்துதான் போனது, அந்தக் குற்ற உணர்ச்சி 16 வருடமாக அவரைத் தின்றுகொண்டிருக்கிறது. எல்சா, அமியாஸின் மாடலாகவும் காதலியாகவும் இருந்தவள், இப்போது பெரிய இடத்து மனைவி, எல்லாம் இருந்தும் உள்ளே காலியாக இருக்கிறாள். கரோலினின் தங்கை ஏஞ்சலாவுக்கு, குழந்தையாக இருந்தபோது அக்கா கோபத்தில் எறிந்த பொருளால் முகத்தில் வந்த தழும்பு. அப்புறம் அந்த வீட்டு கவர்னஸ், அதாவது வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, மிஸ் வில்லியம்ஸ்.

மிஸ் வில்லியம்ஸ் வரும் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வயதாகிவிட்டது, லண்டனில் ஒரே ஒரு அறையில், கையில் காசில்லாமல், ஆனால் முதுகு வளையாமல் வாழ்கிறார். பொய்ரோவைப் பார்த்ததும் ஒரு சின்னப் பையன் வீட்டுப்பாடத்தோடு வந்து நிற்பதைப் போல அவரை நிற்க வைத்துவிடுகிறார். கரோலின் மேல் அவருக்கு அனுதாபம், அமியாஸ் மேல் வெறுப்பு, இரண்டையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் இருக்கிறது. அமியாஸ் இறந்து கிடந்தபோது கரோலின் ஒரு பீர் பாட்டிலைத் துடைத்துவிட்டு அவர் விரல்களை எடுத்து அதன்மேல் அழுத்தினாள். இதை அவர் போலீசிடம் சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்லவில்லை, 16 வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கரோலின் குற்றவாளி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று அவர் நம்புகிறார், அன்பினால் மறைத்து வைத்திருக்கிறார். அவர் பார்த்தது முழு உண்மை, அதற்கு அவர் கொடுத்த அர்த்தம் தப்பு. ஒரு நேர்மையான ஆளின் துல்லியமான ஞாபகமே கதையைத் தலைகீழாகப் பிடித்துவைத்திருக்கிறது என்பதை 1940களின் கிறிஸ்டி எவ்வளவு சுலபமாகச் செய்துவிடுகிறார்!

ஐந்து பேரும் தாங்கள் பார்த்ததை எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரே நாள், ஒரே தோட்டம், ஒரே மரணம், ஐந்து பேரின் எழுத்து. ஒவ்வொருவரும் அமியாஸைப் பற்றி எழுதுவதாக நினைத்துத் தங்களைத்தான் எழுதுகிறார்கள். யார் எதை விட்டுவிட்டார்கள், யார் ஒரே வாக்கியத்தை வேறு தொனியில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் துப்பே இருக்கிறது.

யானைக் கதையில் இந்த மாதிரி ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவர் பெயர் ஸெலி, ரேவன்ஸ்க்ராஃப்ட் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். நடந்தது அத்தனையும் தெரிந்தவர், சீலியாவின் அப்பா ஜெனரல் ரேவன்ஸ்க்ராஃப்டை நேசித்தவர், எல்லாவற்றையும் தெரிந்தே மறைத்தவர். இந்தக் கதையின் மிஸ் வில்லியம்ஸ் அவர்தான். அவரை ஆரம்பத்திலேயே கொண்டுவந்து, பொய்ரோவின் எதிரில் உட்கார வைத்து, அமைதியாக, அழகாக, காரணத்தோடு பொய் சொல்ல வைத்திருந்தால் இந்த நாவலுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்திருக்கும். நாமும் அவரை நம்பியிருப்போம். கிறிஸ்டியோ அவரை வெளிநாட்டில் வைத்துவிட்டு, நாவல் முடியும் நேரத்தில்தான் அழைத்து வருகிறார். வந்ததும் அவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், முடிந்தது.

சரி, உண்மை என்ன? சீலியாவின் அம்மா மாலிக்கு டாலி என்று ஒரு இரட்டைச் சகோதரி. மனநோயாளி, குழந்தைகள் விஷயத்தில் ஏற்கனவே அவள்மேல் சந்தேகம் இருந்தது. ஜெனரல் முதலில் காதலித்தது டாலியை, பிறகுதான் மாலியை மணந்தார். டாலி மாலியைத் தாக்கி, மாலி சாகும் தறுவாயில் தன் சகோதரியைப் போலீசில் ஒப்படைக்க வேண்டாம் என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். இறந்தது டாலிதான், தூக்கத்தில் நடந்து விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லப்படுகிறது. டாலி மாலியாக வீட்டில் இருக்கிறாள். சில வாரங்களில் ஜெனரல் அவளைப் பாறை மேட்டுக்கு அழைத்துப்போய்ச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொள்கிறார்.

இதற்குத் துப்புகள் இரண்டு. ஒன்று, இறந்த பெண்மணியிடம் நான்கு விக் இருந்தன. இரண்டு, அந்த அம்மாவை உயிராய் நேசித்த வீட்டு நாய் கடைசி நாட்களில் அவரையே கடித்தது. இரண்டும் நல்ல துப்புகள், நாய்த் துப்பு மிக நல்ல துப்பு. ஆனால் விக்கும் நாயும் இரட்டைச் சகோதரியும் ஒன்றாகக் கையில் வந்த அந்த நிமிடத்தில், துப்பறியும் கதை கொஞ்சம் படித்த யாருக்கும் எல்லாம் புரிந்துவிடும். 1929இல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார், அதில் பத்தாவது விதி, இரட்டையரைக் கொண்டுவருவதானால் வாசகரை முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும் என்பது. நாக்ஸும் கிறிஸ்டியும் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான லண்டனின் டிடெக்ஷன் க்ளப்பில் சக உறுப்பினர்கள், 1957இலிருந்து அதன் தலைவரே கிறிஸ்டிதான். விதியை அவர் மீறவில்லை. ஆனால் நாம் தயாராகி ரொம்ப நேரமான பிறகும் பொய்ரோ அந்த நான்கு விக்கைப் பற்றித் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் வலிக்கிறது. நமக்கு முன்னால் ஓடவேண்டியவர் அவர். நாம் அவருக்காக நின்று காத்திருக்கிற நிலைமை எந்தப் பொய்ரோ வாசகருக்கும் பிடிக்காது, அவமானமாகக்கூட இருக்கும், அவருக்காக.

டாலி விஷயத்தில் எனக்கு வேறொரு கோபமும் உண்டு. இந்தக் கதையின் நடுவில் இருப்பவள் அவள். முதலில் காதலிக்கப்பட்டு, பிறகு தன் முகத்தையே கொண்ட இன்னொருத்திக்காகக் கைவிடப்பட்டவள். கடைசி நாட்களில் மாலியின் வாழ்க்கையை அணிந்துகொண்டு வாழ்ந்தவள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை நமக்குக் கிடைப்பதில்லை. பைத்தியம், ஆபத்தானவள், பாவம் என்ற மூன்று சொற்களுக்குள் மற்றவர்கள் அவளை வைத்து மூடிவிடுகிறார்கள். எல்சாவுக்கும் கரோலினுக்கும் அத்தனை பக்கம் கொடுத்த ஒருவர் டாலிக்கு ஒரு கடிதமாவது, யாரோ ஞாபகம் வைத்திருக்கும் ஒரு பேச்சாவது கொடுத்திருக்கலாம். அந்த வீட்டில், மாலியின் உடையில், மாலியின் நாய் தன்னைப் பார்த்து உறுமும்போது அவள் என்ன நினைத்தாள்? நாவல் இந்தக் கேள்விப் பக்கமே போகவில்லை.

வருடக் கணக்கும் வயதுக் கணக்கும் இடிப்பதைப் பற்றி ஏற்கனவே பலர் எழுதியிருக்கிறார்கள், கிறிஸ்டியைப் பற்றி நல்ல புத்தகம் எழுதிய ராபர்ட் பர்னார்டும் பட்டியல் போட்டிருக்கிறார். சம்பவம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் என்று ஒரு இடத்தில் வரும், பதினைந்து என்று இன்னொரு இடத்தில், இருபது என்று வேறொரு இடத்தில். ஜெனரலுக்கு வயது 60, மனைவிக்கு 35 என்று ஒருவர் சொல்கிறார். ஆனால் அதே ஜெனரல் வாலிபத்தில் அந்த மனைவியின் இரட்டைச் சகோதரியைக் காதலித்தாராம். அவர் வாலிபராக இருந்தபோது அவள் தொட்டிலில் அல்லவா இருந்திருப்பாள்? மனிதர்கள் தப்பாக ஞாபகம் வைத்திருப்பதுதானே நாவலின் கருப்பொருள், அதனால் இதுவும் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாமே என்று ஒருவர் வாதாடலாம். நானும் அப்படி நினைக்க முயன்றேன். அப்படியானால் அந்தத் தப்புகளில் ஒன்றையாவது பொய்ரோ பிடித்திருக்கவேண்டும். அவர் எப்பேர்ப்பட்ட ஆள்! அலமாரியில் ஒரு பொருள் வரிசை தப்பி இருந்தாலே கை போய் நேராக்கும். ஐந்து வருட வித்தியாசம், பத்து வருட வித்தியாசம் காதில் விழுந்தும் அவர் கண்டுகொள்ளவில்லை என்றால் அது எழுத்தில் நேர்ந்த சறுக்கல்தான்.

இந்தச் சறுக்கலுக்குக் காரணம் என்ன என்று கேட்டால், பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. கிறிஸ்டி பிறந்தது 1890. இந்தப் புத்தகம் வெளியானபோது அவருக்கு 82. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் இயன் லங்காஷரும் க்ரேம் ஹர்ஸ்டும் 2009இல் அவருடைய நாவல்களைக் கணினியில் போட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். வயது ஏற ஏற அவர் பயன்படுத்தும் வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை குறைகிறது, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது, 'ஏதோ ஒன்று', 'அந்த விஷயம்' மாதிரி பிடி இல்லாத சொற்கள் பெருகுகின்றன. 63 வயதில் அவர் எழுதிய ஒரு நாவலோடு வைத்துப் பார்த்தால் யானைக் கதையில் சொல்வளம் சுமார் 30 சதவீதம் குறைவு. ஞாபகமறதி நோயின் அறிகுறியாக இது இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம், எந்த மருத்துவரும் அவர் உயிரோடு இருந்தபோது அப்படி உறுதிசெய்ததாகப் பதிவு கிடையாது.

இதைப் படித்த பிறகு நாவலை மறுபடி புரட்டினால் சில பக்கங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. எனக்கு ஞாபகம் இல்லை, யாரோ சொன்னார்கள், அது எந்த வருடம் என்று தெரியவில்லை என்று ஒவ்வொரு யானையும் தடுமாறுவதை எழுதியவரின் கை அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஞாபகத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்கிறது, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். கடைசிப் பக்கத்தில் ஆலிவர், யானைகளால் மறக்க முடியாது, நல்லவேளை மனிதர்களால் முடியும் என்கிற பொருளில் ஒன்று சொல்வார். அதில் ஒரு நிஜமான மனுஷி பேசுகிறார்.

ஆனால் ஆராய்ச்சி எண்ணிக்கையை வைத்து, அவருக்கு உடம்பு முடியவில்லை பாவம், விட்டுவிடுங்கள் என்று சிலர் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொல்வளம் குறைந்தால் வாக்கியம் மெலியும், அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. கிறிஸ்டி எந்தக் காலத்திலும் வாக்கிய அழகுக்காகப் படிக்கப்பட்டவர் இல்லை. வருடமும் வயதும் இடிப்பதை ஒரு பதிப்பாசிரியர் ஒரே மாலையில் பென்சிலோடு உட்கார்ந்து சரிசெய்திருக்கலாம். திரும்பத் திரும்ப வரும் உரையாடல்களில் பாதியை வெட்டலாமா என்று கேட்டிருக்கலாம். ஸெலியை முன்னால் கொண்டுவரலாமா என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். 50 வருடங்களுக்கும் மேலாக எழுதி, உலகம் முழுக்க விற்ற ஒருவரின் கைப்பிரதியில் கைவைக்கத் தயங்குவது மரியாதை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை. அவருக்கு அப்போதுதான் இன்னொரு ஜோடிக் கண்கள் மிகவும் தேவைப்பட்டன. பெயருக்காகவே விற்கும் என்று தெரிந்த புத்தகத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினால், அந்தப் பெயரைக் காப்பாற்றுகிற வேலையை யார் செய்வது?

இதில் இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. டேவிட் சூஷே பொய்ரோவாக நடித்த தொலைக்காட்சித் தொடரில் 2013இல் இந்தக் கதை வந்தது. தொடரை எடுத்தவர்கள் பழைய மரணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இப்போது நடக்கிற ஒரு கொலையைப் புதிதாகச் சேர்த்தார்கள். மனநல மருத்துவர் வில்லபியின் தந்தை கொல்லப்படுகிறார், பழைய விஷயத்துக்கும் இதற்கும் முடிச்சு விழுகிறது, பொய்ரோ ஓடவேண்டி வருகிறது. மூலக்கதையில் யாருக்கும் இப்போது ஆபத்தில்லை, யாரும் யாரையும் தடுக்கவில்லை என்ற ஓட்டையை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சேர்க்கை எனக்கு முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் கோரமாகவே போய்விட்டது. ஆனாலும் ஓட்டை எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்து அடைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பொய்ரோவுக்கு என்ன வயது என்ற பழைய கேள்வியும் இங்கே வந்து நிற்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே அவர் பெல்ஜியம் போலீசிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டவர். கணக்குப் போட்டால் 1972இல் நூறைத் தாண்டியிருக்கவேண்டும். ஆரம்பத்திலேயே அவ்வளவு வயதான ஆளாகப் படைத்தது தப்பாகிவிட்டது என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது எனக்கு ஒருபோதும் உறுத்தியதில்லை, கதாபாத்திரங்களுக்கு வயது நிற்கும், நிற்கட்டும். இந்த நாவலில் உறுத்துவது அவர் பழைய வழக்குகளை வரிசையாக ஞாபகப்படுத்திக்கொள்வது. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' வழக்கும் பேச்சில் வருகிறது. கிறிஸ்டி, தான் செய்த மிகச் சிறந்த காரியத்தை இந்தப் புத்தகத்துக்குள்ளேயே நமக்கு ஞாபகப்படுத்துகிறார். அதைப் படித்த வாசகர் ஒப்பிடாமல் என்ன செய்வார்?

ஆலிவர் மட்டும் கடைசிவரை என்னைக் கைவிடவில்லை. 1936இலிருந்து பொய்ரோவோடு அவ்வப்போது வந்துகொண்டிருப்பவர், தன் நாவல்களில் வரும் ஃபின்லாந்து துப்பறிவாளரை எரிச்சலோடு சுமந்துகொண்டு திரிபவர். இந்த நாவலில் நடையாய் நடப்பது முழுக்க அவர்தான். இதில் ஏன் தலையிட்டோம் என்று புலம்பிக்கொண்டே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். சீலியாவின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவளைத் தான் சரியாகக் கவனித்துக்கொள்ளவில்லையே என்ற உறுத்தல் அவருக்கு இருக்கிறது, அதில் ஒரு நல்ல இழை ஓடுகிறது. பொய்ரோவை வெளியே எடுத்துவிட்டு, ஒரு வயதான நாவலாசிரியை தன் ஞானமகளுக்காகப் பழைய தோழிகளைத் தேடிப்போகும் கதையாக, இதில் பாதி நீளத்தில் எழுதியிருந்தால், நான் அதை இன்னொருவருக்குச் சந்தோஷமாகக் கையில் எடுத்துக் கொடுப்பேன்.

பொய்ரோவை இதுவரை படிக்காத யாராவது இந்தப் பதிவுக்கு வந்திருந்தால், தயவுசெய்து இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தலைப்பு அழகாக இருக்கிறது, மெல்லிய புத்தகமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டு, இவ்வளவுதானா அகதா கிறிஸ்டி என்று மூடிவைத்துவிடும் அபாயம் இருக்கிறது. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' முதலில். வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்தாலும் எதுவும் விட்டுப்போகாது, ஏனென்றால் அடுத்துக் கையில் வருகிற 'கர்ட்டன்' 50 வயதுக் கிறிஸ்டி எழுதியது. பொய்ரோவின் பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸ் திரும்பி வருகிறார், முதல் வழக்கு நடந்த அதே ஸ்டைல்ஸ் வீடு, சக்கர நாற்காலியில் பொய்ரோ, அந்த வீட்டில் எல்லாருமே எதையோ மறைக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.